பிள்ளைக்கு எந்த சாக்கர் லீக்? கல்லூரியை மனதில் வைத்து ஓர் ஒப்பீடு

மே மாதம் வந்துவிட்டால் அமெரிக்காவில் பிள்ளைகளை சாக்கருக்கு, அதாவது நம் கால்பந்துக்கு, அனுப்பும் வீடுகளில் ஒரே பேச்சுதான். அணிக்கு ஆள் எடுக்கும் ட்ரைஅவுட் முடிந்திருக்கும். மூன்று கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும். இடம் உண்டு, 48 மணி நேரத்தில் முன்பணம் கட்டி உறுதி செய்யுங்கள் என்று மூன்றிலும் எழுதியிருக்கும். ஒன்று பெரிய லீக், ஆனால் பெஞ்சில்தான் இடம். இன்னொன்று அடுத்த அடுக்கு லீக், முதல் பதினொருவரில் ஆடலாம். மூன்றாவது ஊர் கிளப், கூடவே ஹைஸ்கூல் அணி. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்பது இதைத்தான்: கல்லூரி கோச்சின் கண்ணில் பட வேண்டுமென்றால் எதை எடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டையில் இருக்கும் லீக் முத்திரைக்கு நாம் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறோம். பிள்ளை களத்தில் நிற்கும் நிமிடங்களுக்கும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் அந்த மதிப்பைக் கொடுப்பதில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு சாக்கர் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டித் தரப் போவதில்லை. ஒரு நல்ல கல்லூரியில் இடம் வாங்கித் தர அதனால் முடியும். இந்த இரண்டில் எது உங்கள் நோக்கம் என்று தெரிந்தால் லீக்கைத் தேர்வு செய்வது பாதி முடிந்த மாதிரி.

## முதலில் கல்லூரிப் பக்கம் எப்படி இருக்கிறது

ஹைஸ்கூலில் சாக்கர் ஆடும் பையன்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான், கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கல்லூரி அணி ஏதோ ஒன்றில் ஆடுகிறார்கள். பெண்களில் சுமார் ஏழு பேர். அதன் மூன்று நிலைகளில் மேலான டிவிஷன் 1 மட்டும் என்றால் பையன்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள். பெண்களில் இரண்டு பேருக்குச் சற்று மேல்.

பையன்களுக்கு ஏன் இவ்வளவு நெருக்கடி? டிவிஷன் 1-ல் பெண்கள் சாக்கர் நடத்தும் கல்லூரிகள் சுமார் 350. ஆண்கள் சாக்கர் நடத்துபவை 200-க்குச் சற்று மேல்தான். ஆண்களின் எண்ணிக்கைக் கணக்கில் பெரும்பங்கை அமெரிக்கன் ஃபுட்பால் எடுத்துக்கொள்கிறது. 1972-ல் வந்த டைட்டில் 9 சட்டம் ஆண், பெண் விளையாட்டு வாய்ப்புகளைச் சமமாக வைக்கச் சொல்வதால் பெண்கள் சாக்கர் வளர்ந்தது, ஆண்கள் சாக்கர் ஒதுக்கப்பட்டது. இருக்கிற இடங்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரும் வீரர்களுக்குப் போகிறது. ஜெர்மனி, இங்கிலாந்து, நார்வே கிளப்புகளில் வளர்ந்த 20 வயது ஆட்களோடு உங்கள் 17 வயதுப் பையன் போட்டியிட வேண்டும். இதற்கு மேல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-ல் வந்தது வேறு. இன்னொரு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடித் தேறிய வீரன் கிடைக்கும்போது, பன்னிரண்டாவது முடித்து வரும் பையனை எடுத்து வளர்க்கப் பல கோச்சுகளுக்குப் பொறுமை இல்லை.

பணம்? 2025 ஜூலைக்கு முன் ஒரு டிவிஷன் 1 ஆண்கள் அணிக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 14. அதை 25, 30 பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்படிக்கைக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், அணியில் 28 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்தது. 28 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. கல்லூரி கொடுக்குமா என்பது வேறு கேள்வி. பணம் பெரும்பாலும் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் ஓடுகிறது. முன்பெல்லாம் 32 பேர், 33 பேர் என்று வைத்திருந்த அணிகள் இப்போது ஆளைக் குறைக்கின்றன. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் முதல் அடி.

இன்னொரு பக்கம் டிவிஷன் 3. 400-க்கு மேற்பட்ட கல்லூரிகள். விளையாட்டு ஸ்காலர்ஷிப் ஒரு டாலர்கூடக் கிடையாது. அதனால் நம் ஆட்கள் பலர் இந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள். பட்டியலைப் பாருங்கள்: எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, கார்னகி மெலன், டஃப்ட்ஸ், வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட். எல்லாம் டிவிஷன் 3. ஆட்டமும் லேசுப்பட்டதில்லை. 2022-ல் சிகாகோ ஆண்கள் அணி தேசியக் கோப்பையை வென்றது. கோச் ஜூலியான் சிட்ச், ஆண்கள் அணியை என்.சி.ஏ.ஏ. சாக்கர் கோப்பைக்கு அழைத்துச் சென்ற முதல் பெண்.

ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-ல் ஆடினாலும் அங்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஆடும் நிமிடங்கள். கல்லூரி கோச் களத்தில் இருக்கும் பிள்ளையைத்தான் பார்க்க முடியும். கல்லூரி கோச்சுகள் பார்க்க வரும் ஷோகேஸ் போட்டியில் 20 நிமிடம் ஆடி, அதில் பந்து தன் பக்கம் வந்தது நாலு தடவை என்றால் வீடியோ வெட்டக்கூடக் காட்சி கிடைக்காது.

இரண்டாவது, யார் பார்க்க வருகிறார்கள். பெரிய லீக்குகளின் பலமே இதுதான்.

மூன்றாவது மொத்தச் செலவு. கிளப் கட்டணம் அதில் ஒரு பகுதிதான். நான்காவது, பயிற்சிக்குப் போய்வரும் நேரமும் அது படிப்பிலிருந்து பிடுங்கும் நேரமும். ஐந்தாவது, ஹைஸ்கூல் அணியில் ஆட விடுவார்களா என்பது. இதை அற்பமாக நினைக்காதீர்கள். சொந்தப் பள்ளி நண்பர்கள் கத்தி உற்சாகப்படுத்த ஆடுவதற்காகவே சாக்கரில் நிலைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

கடைசியாக, கல்லூரி கோச்சுகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசக்கூடிய ஆள் அந்தக் கிளப்பில் இருக்கிறாரா? லீக்கின் பெயரைவிட இது பெரிது என்பேன்.

## எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்

பையன்களுக்கு மட்டும். அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு 2007-ல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமியை 2020 ஏப்ரலில் மூடியது. அந்த இடத்தை நிரப்ப அதே வருடம் தொழில்முறை சாக்கர் லீக்கான எம்.எல்.எஸ். இதைத் தொடங்கியது. தொழில்முறை அணிகளின் அகாடமிகளும் தனியார் கிளப்புகளும் சேர்ந்து ஆடுகின்றன. தொழில்முறை அணிகளின் அகாடமியில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. தனியார் கிளப் என்றால் முழுக் கட்டணம். "என் பையன் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் 2025-26 பருவத்திலிருந்து ஹோம்குரோன் டிவிஷன், அகாடமி டிவிஷன் என்று இரண்டு அடுக்காகவும் ஆகிவிட்டது. சட்டையில் ஒரே முத்திரை, தரம் வேறு.

ஆட்டத் தரத்தில் பையன்களுக்கு இதைவிட மேலே போக வழியில்லை. டிவிஷன் 1 கோச்சுகள் மெனக்கெட்டு வருவார்கள். ஆனால் வாரத்தில் நான்கு நாள் பயிற்சி சாதாரணம். மேல் அடுக்கில் சில விதிவிலக்குகளைத் தவிர ஹைஸ்கூல் அணிக்கு ஆட முடியாது. அகாடமி டிவிஷன் இந்த விஷயத்தில் கொஞ்சம் தளர்வு. வயது கூடக்கூட ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றும் விதியும் இறுகும். ஹைஸ்கூலில் போல உள்ளே வெளியே என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால் 16-வது ஆள், 17-வது ஆளுக்குக் கிடைக்கும் நிமிடம் ரொம்பக் குறைவு.

யாருக்கு நல்லது: முதல் பதினொருவரில் நிச்சயம் இடமுள்ள, டிவிஷன் 1 அல்லது தொழில்முறையையே குறிவைக்கும், பயிற்சிக் களத்துக்கு அருகில் வசிக்கும் பையனுக்கு. மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும். ஒரு மணி நேரம் காரில் போய் பெஞ்சில் உட்கார்வதற்கு இது சரியான இடமில்லை.

## ஈ.சி.என்.எல்., கேர்ள்ஸ் அகாடமி

ஈ.சி.என்.எல். என்ற தேசிய கிளப் லீக் 2009-ல் பெண்களுக்காகத் தொடங்கியது. 2017-ல் பையன்களுக்கும் வந்தது. பெண்கள் சாக்கரில் கல்லூரிக்குப் போகும் பெருவழி இன்றும் இதுதான். இவர்களின் தேசிய ஷோகேஸ்களில் களத்தின் ஓரம் மடக்கு நாற்காலி போட்டு, கல்லூரிச் சின்னம் போட்ட ஜாக்கெட்டோடு கோச்சுகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஹைஸ்கூல் ஆட்டத்துக்குத் தடை இல்லை. அந்தப் பருவத்தில் கிளப் அட்டவணைக்கு இடைவெளி விடுவார்கள். நியூ ஜெர்சியில் அது இலையுதிர் காலம், டெக்சாஸில் ஜனவரியிலிருந்து, கலிபோர்னியாவில் குளிர்காலம்.

பெண்கள் டெவலப்மென்ட் அகாடமி மூடியபோது 2020-ல் அதன் கிளப்புகள் பல சேர்ந்து உருவாக்கியது கேர்ள்ஸ் அகாடமி. தரத்தில் ஈ.சி.என்.எல்.லோடு ஒப்பிட்டு வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் இது ஊரைப் பொறுத்தது. சில பகுதிகளில் கேர்ள்ஸ் அகாடமி கிளப்தான் வலுவானது, சில இடங்களில் நிலைமை தலைகீழ். உங்கள் ஊரிலுள்ள இரண்டு அணிகளின் ஆட்டத்தையும் அணிக்கொரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். இணையத் தரவரிசையைப் பார்ப்பதைவிட அது உபயோகம்.

பையன்கள் ஈ.சி.என்.எல். ஒரு நல்ல நடுவழி. எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் மேல் அடுக்கு அளவுக்கு டிவிஷன் 1 கூட்டம் வராது. ஆனால் நல்ல டிவிஷன் 3 கோச்சுகளும் ஐவி கோச்சுகளும் வருகிறார்கள், ஹைஸ்கூலும் ஆடலாம். படிப்பும் ஆட்டமும் சரிசமமாகப் போகும் பையனுக்கு இதை எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்டின் கீழ் அடுக்கைவிட ஒரு படி மேலாக வைப்பேன்.

குறை, பயணம். லீக் ஆட்டத்துக்கே பக்கத்து மாநிலம், ஷோகேஸுக்கு விமானம். பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் யோசிக்க வேண்டும். முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது பதின்ம வயதுப் பெண்களுக்குப் பையன்களைவிட அதிகம். கிளப்பும் ஹைஸ்கூலும் ஓய்வில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் கால் தாங்காது. காயத்தைத் தடுக்கும் ஃபிஃபா 11+ போன்ற வார்ம்அப் பயிற்சியைக் கிளப் ஒழுங்காகச் செய்கிறதா என்று கேளுங்கள். "செய்கிறோம்" என்று சொன்னால் ஒரு நாள் போய் நின்று பாருங்கள்.

## அடுத்த அடுக்கு: ரீஜனல் லீக், என்.பி.எல். முதலியவை

ஈ.சி.என்.எல். ரீஜனல் லீக், யு.எஸ். கிளப் சாக்கரின் என்.பி.எல்., யு.எஸ். யூத் சாக்கரின் நேஷனல் லீக் என்று எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பொதுவாகப் பெரிய கிளப்பின் இரண்டாவது அணியோ நடுத்தரக் கிளப்பின் முதல் அணியோ இங்கே ஆடும். இந்த இரண்டில் பின்னதே மேல். பெரிய கிளப்பின் இரண்டாவது அணிக்கு நீங்கள் கட்டும் பணம் சில சமயம் முதல் அணியின் பயணத்துக்கும் கோச்சுக்கும்தான் உதவும். நடுத்தரக் கிளப்பின் முதல் அணி அந்தக் கிளப்பின் செல்லப்பிள்ளை. அங்கே டைரக்டரே களத்தில் நிற்பார், உங்கள் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியும்.

கல்லூரி கோச்சுகள் இங்கே தாமாக வர மாட்டார்கள், நாம்தான் அழைக்க வேண்டும். பிள்ளையே மின்னஞ்சல் எழுதி, மூன்று நான்கு நிமிட வீடியோ இணைத்து, அடுத்த ஷோகேஸில் எந்தக் களம், எத்தனை மணி என்று சொல்ல வேண்டும். ரிச்மண்டில் நடக்கும் ஜெஃபர்சன் கப், சான் டியேகோவின் சர்ஃப் கப் போன்ற பெரிய போட்டிகளுக்கு இந்த அணிகளும் போகின்றன. அங்கே கோச்சுகள் இருப்பார்கள். டிவிஷன் 3-ஐக் குறிவைக்கும் பிள்ளைக்கு இந்த அடுக்கு தாராளமாகப் போதும். 90 நிமிடமும் ஆடும், நடுக்களத்தில் அணியை நடத்தும், தலைவராக இருக்கும் பிள்ளையின் வீடியோவைப் பெரிய லீக்கில் 15 நிமிடம் ஆடியவரின் வீடியோவோடு வைத்துப் பாருங்கள், எது பார்க்கும்படி இருக்கிறதென்று தெரியும்.

## ஊர் கிளப்பும் ஹைஸ்கூல் அணியும்

செலவு குறைவு, பயணம் இல்லை, தமிழ்ப் பள்ளிக்கும் சனிக்கிழமை போகலாம். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஹைஸ்கூல் ஆட்டம் பார்த்து சாக்கர் வீரரை எடுக்கும் கோச்சுகள் குறைவு. ஃபுட்பாலில் அது நடக்கும், சாக்கரில் அரிது. கல்லூரி சாக்கர் பருவம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை என்பதால், இலையுதிர் கால ஹைஸ்கூல் ஆட்டங்கள் நடக்கும்போது அவர்கள் தங்கள் அணியோடு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வழியில் கல்லூரிக்குப் போக முடியாதென்று சொல்லவில்லை. பத்தாவது, பதினோராவது கோடையில் விருப்பமான மூன்று நான்கு கல்லூரிகள் வீரர்களை அடையாளம் காண நடத்தும் ஐ.டி. கேம்புக்குப் போவதுதான் இதற்கு வழி. கல்லூரி கோச்சே நடத்துவார், நேரில் பார்ப்பார். வருடம் முழுவதும் கிளப்புக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்குதான் ஆகும். சிறிய டிவிஷன் 3 கல்லூரிகளுக்கு இது நன்றாகவே நடக்கிறது.

## ஒரே பார்வையில்

| | எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் (மேல் அடுக்கு) | ஈ.சி.என்.எல். / கேர்ள்ஸ் அகாடமி | ரீஜனல் லீக், என்.பி.எல். | ஊர் கிளப் + ஹைஸ்கூல் |
|---|---|---|---|---|
| யாருக்கு | பையன்கள் | இருவருக்கும். கேர்ள்ஸ் அகாடமி பெண்களுக்கு மட்டும் | இருவருக்கும் | இருவருக்கும் |
| கோச்சுகள் வருகை | மிக அதிகம் | பெண்களுக்கு மிக அதிகம், பையன்களுக்கு நன்று | அழைத்தால் வருவார்கள் | அரிது. கேம்புக்கு நாம் போக வேண்டும் |
| சராசரி வீரருக்கு நிமிடங்கள் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | அதிகம் |
| ஹைஸ்கூல் அணி | பெரும்பாலும் இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| செலவு | எம்.எல்.எஸ். அணியின் அகாடமி என்றால் குறைவு, தனியார் என்றால் மிக அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| பொருந்தும் இலக்கு | டிவிஷன் 1, தொழில்முறை | டிவிஷன் 1, ஐவி, முன்னணி டிவிஷன் 3 | டிவிஷன் 3, டிவிஷன் 2 | டிவிஷன் 3, கல்லூரிக்குள் மாணவர்களே நடத்தும் கிளப் அணி |

## ரசீதில் வராத செலவுகள்

பெரிய லீக் கிளப்பின் கட்டணம் பல இடங்களில் வருடத்துக்கு 3,000 முதல் 5,000 டாலர். அதே அளவு தொகை பயணத்துக்கும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நடத்துபவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்று விதி இருக்கும். நீங்கள் மலிவாக வேறு இடம் பார்க்க முடியாது. கோச்சின் விமானச் செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்ள வேண்டும். சீருடைக்குத் தனிப் பணம், அதையும் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுவார்கள். ஆட்டத்தைப் பதிவு செய்யும் கேமராவுக்குச் சந்தா. நடுவில் அணியை விட்டு வந்தாலும், காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனாலும், மீதிக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்கள் கொடுக்கும் விலை வேறு. டெக்சாஸின் நாகடோச்சஸ் ஊரைச் சேர்ந்த கிளின்ட் டெம்ப்ஸியை டல்லாஸ் கிளப்புக்கு அழைத்துப் போக அவர் குடும்பம் ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டியது. அக்காவின் டென்னிஸுக்கும் இவருடைய சாக்கருக்கும் ஒரே நேரத்தில் செலவழிக்க முடியாமல் ஒரு கட்டத்தில் இவர் கிளப்பை விட வேண்டி வந்தது. பின்னாளில் ஃபர்மன் பல்கலைக்கழகம் வழியாக அமெரிக்க அணியின் நட்சத்திரமானவர் அவர். அப்படிப்பட்ட திறமைசாலியின் வீட்டிலேயே இதுதான் நிலைமை என்றால் நம் வீட்டில் சின்னவளின் நடன வகுப்பு எந்த நேரத்துக்குத் தள்ளப்படும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

ஐ.டி. கேம்ப் அழைப்பு வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். "உங்கள் ஆட்டம் எங்களைக் கவர்ந்தது" என்று தொடங்கும் மின்னஞ்சல் ஆயிரம் பேருக்குப் போயிருக்கும். பல கல்லூரிகளுக்கு அது வருமானம். பிள்ளையின் ஆட்ட நிலை, சட்டை எண், குறிப்பிட்ட ஓர் ஆட்டம் என்று எதையாவது சுட்டி எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "உங்கள் பிள்ளையைக் கல்லூரி அணி தேர்ந்தெடுக்கும் ரெக்ரூட் ஆக்கித் தருகிறோம்" என்கிற சேவைகளைப் பற்றி என் கருத்து ஒரே சொல்: வேண்டாம். பிள்ளை எழுதும் மின்னஞ்சலைத்தான் கோச்சுகள் விரும்புகிறார்கள். அப்பா எழுதுவதைக்கூட அவர்கள் ரசிப்பதில்லை.

டிவிஷன் 3 பாதையிலும் மறைந்த செலவு ஒன்று இருக்கிறது. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், டஃப்ட்ஸ் எல்லாம் சேர்ந்த நெஸ்காக் கூட்டமைப்புக் கல்லூரிகள் போன்றவற்றில், பதினோராவது முடிந்த கோடையில் உங்கள் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகம் முன்கூட்டியே பார்த்துச் சொல்லும். பச்சைக் கொடி கிடைத்தால் கோச் உங்களை ஆதரிப்பார். பதிலுக்கு எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார். இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும். நாலு கல்லூரியின் நிதி உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். அதனால் கோச்சுக்குச் சரி சொல்வதற்கு முன் அந்தக் கல்லூரி இணையதளத்தின் நிகரக் கட்டணக் கணக்கியில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மென்பொருள் துறைச் சம்பளம் வரும் வீட்டுக்கு உதவித் தொகை மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். எல்லாக் கல்லூரியிலும் கோச் சொல்லுக்கு ஒரே எடை கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். எம்.ஐ.டி.யில் கோச் ஆதரவு இருந்தும் இடம் கிடைக்காமல் போவது சகஜம்.

பெற்றோரின் வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் கணக்கு. மத்திய அரசின் கல்வி உதவி அவர்களுக்குக் கிடையாது. பல கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைக்கும். விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு இந்தத் தடை இல்லை. அதனால் கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பத்துக்கு டிவிஷன் 2-ல் கிடைக்கும் பாதி ஸ்காலர்ஷிப் சில சமயம் பெரிய பெயருள்ள டிவிஷன் 3-ஐவிட லாபமாக இருக்கும். கூடவே மாநிலக் குடியிருப்புக் கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்றும் பார்த்துவிடுங்கள்.

## சில நிலைமைகள், என் பதில்

மகள் ஒன்பதாவது, டிஃபெண்டர், ஈ.சி.என்.எல். அணியில் முதல் பதினொருவரில் இடம், களம் 25 நிமிட தூரம்: யோசிக்கவே வேண்டாம், சேருங்கள். டிவிஷன் 1 கோச்சுகள் பத்தாவது முடிந்து ஜூன் 15-லிருந்துதான் பிள்ளையோடு ரெக்ரூட்டிங் பேச்சுப் பேசலாம். பெண்கள் சாக்கரில் அந்தக் கோடையிலும் அடுத்த சில மாதங்களிலும் இடங்கள் வேகமாக நிரம்பும். அதற்கு முன்பே இரண்டு வருடம் அவர்கள் கண்ணில் பட்டிருப்பது நல்லது.

மகன் எட்டாவது, இன்னும் உயரம் வரவில்லை, எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் தனியார் கிளப்பில் 18-வது ஆளாக இடம்: ஒரு வருடம் அடுத்த அடுக்கில் ஆட விடுங்கள். தாமதமாக வளரும் பையனுக்குப் பந்தைத் தொடும் வாய்ப்புதான் முக்கியம். பையன்கள் ரெக்ரூட்டிங் எப்படியும் தாமதமாகத்தான் நடக்கிறது, ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபின் இன்னும் தாமதம். பதினாறு வயதில் மேலே ஏற நேரம் இருக்கிறது.

மகன் பத்தாவது, மதிப்பெண் பிரமாதம், ஆட்டம் நன்று, பிரமாதம் என்று சொல்ல முடியாது: ஹைஸ்கூல் ஆட விடும் கிளப்பை எடுத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து டிவிஷன் 3 கல்லூரிகளின் பட்டியலை இப்போதே போடுங்கள். டிவிஷன் 3 கோச்சுகளுக்கு ஜூன் 15 காத்திருப்பு இல்லை. மின்னஞ்சலுக்கு எப்போது வேண்டுமானாலும் பதில் எழுதலாம். நம் வீட்டுப் பிள்ளைகளில் அதிகம் பேர் இந்த வகைதான், ஆனால் இந்த வழியை எடுப்பவர்கள் குறைவு.

மகள் ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் பிறந்தவள் என்றால் இன்னொரு விஷயம். இதுவரை பிறந்த வருடத்தை வைத்து அணி பிரித்ததால் இவர்களின் அணித் தோழிகள் பலர் ஒரு வகுப்பு மேலே இருந்தார்கள். தோழிகள் ஹைஸ்கூல் பருவத்துக்குப் போனதும் எட்டாவது படிக்கும் இவளுக்கு அணியே இருக்காது. 2026-27 பருவத்திலிருந்து ஈ.சி.என்.எல். உட்படப் பெரும்பாலான லீக்குகளில் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 என்று கணக்கு மாறுகிறது. இப்போது பெஞ்சில் இருப்பவள் இந்த மாற்றத்தால் தன் வகுப்புப் பிள்ளைகளின் அணியில் மூத்தவளாக, முதல் பதினொருவரில் வரலாம். இந்த வருட முடிவை எடுக்கும் முன், அடுத்த பருவத்தில் எந்த அணியில் வைப்பார்கள் என்று கிளப்பிடம் எழுத்தில் கேளுங்கள்.

## முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

போன வருடம் பன்னிரண்டாவது முடித்தவர்கள் எந்தெந்தக் கல்லூரிக்குப் போனார்கள் என்று கிளப்பிடம் முழுப் பட்டியல் கேளுங்கள். இணையதளத்தில் போடும் நாலு பேர் படம் போதாது. மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

அணியில் எத்தனை பேரை எடுத்திருக்கிறார்கள், என் பிள்ளையின் நிலையில் இன்னும் யார் யார்? கோல்கீப்பர் என்றால் இந்தக் கேள்விதான் எல்லாமே. இரண்டு பேர் பாதிப் பாதி ஆடுவார்களா, ஒருவரே எல்லா ஆட்டமும் ஆடுவாரா?

இந்த கோச் அடுத்த வருடமும் இதே அணிக்கு இருப்பாரா? கல்லூரி கோச்சுகளிடம் பேசுவது யார் வேலை, கடந்த பருவத்தில் எத்தனை பேருக்காகப் பேசினார்?

பிள்ளை பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. டிவிஷன் 1-ல் ஆட ஆங்கிலம், கணிதம் போன்ற 16 கோர் பாடங்கள், அதில் 10 பாடங்கள் பன்னிரண்டாவது தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும், கோர் ஜி.பி.ஏ. குறைந்தது 2.3. நம் வீடுகளில் இது பிரச்சினையாக இருக்காது. ஆனால் பள்ளி ஆலோசகரிடம் எந்தப் பாடம் கோர் கணக்கில் வரும் என்று ஒன்பதாவதிலேயே சரிபார்த்துவிடுங்கள். வெளியே எடுக்கும் ஆன்லைன் பாடங்களில்தான் சிக்கல் வருகிறது.

48 மணி நேரக் கெடுவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பிள்ளை உண்மையில் வேண்டும் என்றால் கிளப் இன்னும் இரண்டு நாள் காத்திருக்கும். மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்று முகத்திலடித்தாற்போல் பதில் வந்தால், அவர்கள் கணக்கில் உங்கள் பிள்ளை எத்தனையாவது ஆள் என்பது முன்பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.